காட்டுமாட்டுக்குள் பதினோரு பிள்ளைகள்

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம், உன் நலத்தை எழுது என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். என்னால் அப்படி ஆரம்பிக்க முடியவில்லை. உங்கப்பா நலம், கொட்டகையில் கட்டித் தொங்கவிட்ட பூண்டும் நலம். நான்தான் சரியில்லை. நேற்று கோயில் முன்னால் நீ பேசிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போனில் சொல்லலாம் என்றால், "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று பேசிப் பார்த்தேன். திருப்பிக் கேட்டால் என் குரல் எனக்கே ஆடு கத்துவது போல இருந்தது, அழித்துவிட்டேன். எழுத்தில் நடுக்கம் தெரியாது என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். என் கையெழுத்தைப் பார்த்தால் அதுவும் பொய்தான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். அட்டுவம்பட்டியில் உன் அறைக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் வாங்கிக்கொள். வாங்கியதும் நின்ற இடத்திலேயே படி.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடைக்கானலில் உங்கள் கலைத் திருவிழாவில் நம் கூக்கால் பிள்ளைகள் பதினோரு பேர் ஆட வேண்டும். ஆட்டம் முடிந்து கிளம்பும்போது நன்றாக இருட்டியிருக்கும். நம்மூருக்கு அந்த நேரத்தில் பஸ் ஏது? பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்துக் காலையில் அனுப்பலாம் என்பதுதான் உன் முதல் திட்டம். அதற்கும் வழியில்லாமல் இப்போது ஊரில் சாமி சாட்டிவிட்டார்கள். சாட்டிவிட்டால் அம்மன் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. இதில் கலைவிழாக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் உன்னிடம் கேட்டுத்தான் தேதி வைத்தார்கள். "அந்த வாரம் எங்கூர்ல பூண்டு மண்ணுக்குள்ளதான் கெடக்கும், ஒரு தொந்தரவும் வராது" என்று சொன்னவன் நீ. பூண்டு பிடுங்கிய பிறகுதான் அம்மனிடம் பூக்கேட்பார்கள், பூப்பொட்டலத்தில் அம்மன் சம்மதமாக வெள்ளைப்பூ வந்த பிறகுதான் சாட்டுவார்கள் என்று தெரிந்த நம்மூர்க்காரன் போடுகிற கணக்கு அது. வேறு ஆள் என்றால் இப்படித் தப்பாகக்கூடப் போட்டிருக்க முடியாது. மழை முந்திக்கொண்டது. அழுகிவிடும் என்று ஊரே அவசரமாகப் பூண்டைப் பிடுங்கியது. போன வருஷம் வாரக்கணக்கில் அலைக்கழித்த அம்மன், இந்த வருஷம் முதல் தடவையிலேயே வெள்ளைப்பூவை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

நேற்று பெற்றவர்கள் எல்லாரும் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தோம். பூசாரி உன்னைப் பார்த்து, "ஏலே, ஆட்டம் ஆடுங்க, யாரு வேணாங்குறா? ராத்தங்கக் கூடாது, அம்புட்டுத்தேன்" என்றார். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா, "பொம்பளப் புள்ளைகள இருட்டுல அந்த ரோட்டுல எப்படிங்க..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். அப்போது அவள் மகள் ஜோதிதான் எழுந்தாள். காலேஜில் சேர்ந்து, பஸ் சரியில்லாமல் பாதியில் நின்ற பிள்ளை. நாலு பேர் முன்னால் சத்தமாக இருமக்கூட மாட்டாள். "நாலு மாசமா இதுக்குத்தாங்க உசுரக் குடுத்துக்கிட்டு இருக்கோம். போன வருசம் இதே விழாவுல நாங்க நாற்காலி தூக்கிட்டு இருட்டுனப்புறந்தான் வந்தோம். அப்ப யாரும் இருட்டப் பத்திப் பேசலயே" என்றாள். நீ சட்டென்று எழுந்து, "பதினோரு பேரையும் நானே ரெண்டு ஜீப்புல கூட்டிட்டுப் போயி, ராத்திரியே அவுங்கவுங்க வாசல்ல கொண்டாந்து விடுறேன். என்ன ஆனாலும் எம் பொறுப்பு" என்றாய்.

அந்தச் சொல்லைக் கேட்டுப் பூசாரி தலையாட்டினார். மற்றவர்களுக்கு முகம் தெளிந்தது. எனக்கு அந்த நிமிஷம்தான் பயம் பிடித்தது. அவர்கள் பயத்தையெல்லாம் வாங்கி நீ உன் தலையில் வைத்துக்கொண்டாய். பதினோரு வீட்டு வாசலில் பதினோரு அம்மாக்கள் நிற்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நீ இந்த ஊருக்குள் எந்த முகத்தோடு வருவாய்? அம்மன் கோபித்துக்கொண்டால் பொங்கல் வைத்துச் சமாதானம் பண்ணலாம். பூம்பாறை தாண்டி மேகம் இறங்கிவிட்டால், அதனிடம் போய் என்ன பேசுவது? முன்னால் போகும் ஜீப்பின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத அந்த மேகத்தில், பாட்டும் சிரிப்புமாக வரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ ஓட்டி வர வேண்டும். ஆட்டம் நன்றாக அமைந்துவிட்டால் சந்தோஷத்தில் நீயும் பாடுவாய். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நீ ஏழாவது படிக்கும்போது நடந்தது உனக்கு மறந்திருக்காது. உங்கப்பா உரம் வாங்கப் பைக்கில் டவுனுக்குப் போனார். பொழுது சாயத் திரும்பிவிடுகிறேன் என்றவர் வரவில்லை. நீயும் நானும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றோம். மேகத்துக்குள் ஒரு வெளிச்சம் வரும், நீ "அப்பா!" என்று கத்துவாய், கேரட் ஏற்றிய லாரி நம்மைத் தாண்டிப் போகும். மறுபடி ஒரு வெளிச்சம், மறுபடி நீ. அன்றைக்கு நீ கத்தக் கத்த, போதும் என்று உன் வாயைப் பொத்தலாமா என்று எனக்கு இருந்தது. விடிந்த பிறகு பால் வண்டிக்காரர்தான் வளைவுக்குக் கீழே அவரைப் பார்த்துத் தூக்கி வந்தார். நடு ரோட்டில் நின்ற காட்டுமாட்டின் மேல் போய் மோதியிருக்கிறார். பேப்பர்க்காரர்கள் காட்டெருமை தாக்கியது என்று போட்டார்கள். உங்கப்பாதான் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. "அது பாட்டுக்கு நின்னுச்சு, நாந்தேன் போயி முட்டுனேன்" என்கிறார். அவருக்கு நியாயம் பேச வாய் இருக்கிறது. நேராக நடக்கத்தான் கால் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டின் பூண்டுக் கொட்டகையில் நீ கொண்டுவந்து ஒரு காட்டுமாட்டைக் கட்டினாய். மூங்கில், கிழிந்த ஹோஸ் பைப், பூண்டுத் தாள், உரச்சாக்கு. ஜீப் பெரிசுக்கு அது எழுந்து நின்ற அன்றைக்கு உங்கப்பா கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் பகீர் என்றது. அவரைத் திருப்பி அழைத்துப் போய்விடலாம் என்று கையைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு நொண்டி நொண்டி உள்ளே போய், "கொம்பு இப்படி வராதுப்பா. நுனி உள்ள பாத்து வளையும்" என்று சொல்லி, பைப்பை எடுத்துத் தானே வளைக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாளிலிருந்து பூண்டுக்குப் புகை போடுகிற சாக்கில் அவர் கொட்டகையே கதி என்று கிடந்தார். எங்களுக்குள் பேச்சே குறைந்துபோன வீட்டில், "சாணி நெறத்துக்கும் கறுப்புக்கும் நடுவுல ஒரு நெறம் வேணும், என்ன கலக்கலாம்?" என்று என்னிடம் கேட்டார். எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் விழாவை வேண்டாம் என்று சொல்கிற அம்மா இல்லை நான். அது என்ன செய்யும் என்று நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

போன வருஷம் பார்த்ததும் மறக்கவில்லை. நீ கூப்பிட்டாய் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ கேட்டதும் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். உள்ளே எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் நம் மலையைப் பற்றிப் படம் வரைந்து வைத்திருந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. நம்மூர்ப் பிள்ளைகள் எங்கே என்று தேடினேன். மழை வருகிறது என்று நாற்காலிகளை மடக்கித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜோதி ஒரு விருந்தாளிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். குடை முழுக்க அவருக்கு, மழை முழுக்க இவளுக்கு. உள்ளூர் இளைஞர்களின் பங்களிப்புக்கு நன்றி என்று மைக்கில் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். நீ தட்டவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட வந்தபோது, "அடுத்த வருசம் நம்ம புள்ளைக தூக்க மாட்டாங்கம்மா. உக்காந்து இருக்கவங்க எந்திரிச்சுப் பாப்பாங்க" என்றாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்கவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு பயம். கொஞ்சம் பெருமை கலந்தது.

சொன்னபடி செய்துவிட்டாய். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு பேர், முதுகைத் தாங்க இரண்டு பேர், தலைக்கு ஜோதி. கூட்டத்துக்குள் மாடு அசைந்து வரும், டூரிஸ்டுகள் செல்பி எடுப்பார்கள், அப்போது வயிற்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக வெளியே வந்து தன் கதையைச் சொல்லும். நீ யாருக்கும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்களையே சொல்லவைத்தாய். அதில் பின்னங்காலில் நிற்கிற சரவணன் சொல்வதைக் கொட்டகைக்கு வெளியே நின்று நான் கேட்டிருக்கிறேன். "எங்கூருக்கு வர்றவுங்க ஏரியப் பாப்பாங்க. நானும் அங்கதான் நிப்பேன். ஒருநா ஒருத்தரு எங்கிட்ட வந்து பேசுனாரு. எனக்கு ஒரே சந்தோசம். தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு, போட்டோவுல நீ விழுகுறன்னாரு." இதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். எனக்குத்தான் சேலைத் தலைப்பு தேவைப்பட்டது. இருபது வயதுப் பையன், இத்தனை நாளும் வாயைத் திறந்து "சோலி இருக்கு, போறேன்" என்பதைத் தவிர எதுவும் பேசி நான் கேட்டதில்லை. இவ்வளவு வார்த்தையையும் எங்கே வைத்திருந்தான்?

அதனால்தான் கேட்கிறேன். இவ்வளவையும் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தவன், நேரத்தை மட்டும் ஏன் கேட்கவில்லை? ஆறு மணி யாருக்குத் தோதான மணி? லைட் போட்டால் அழகாக இருக்கும் என்றாய். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு விருந்தாளிகள் அப்போதுதான் வருவார்கள் என்றாய். நடிப்புப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஜோதிக்கு ஒரு வழி திறக்கும் என்றாய். எல்லாம் சரி. ஆனால் போன வருஷம் அவர்கள் வசதிக்கு நம் பிள்ளைகள் நாற்காலி தூக்கினார்கள், இந்த வருஷம் அவர்கள் வசதிக்கு இருட்டில் மலை ஏறப் போகிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்தால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிடலாம். விழா நடத்தும் அந்த மேடத்திடம் கேட்டாயா என்றால், "கேக்க முடியாதும்மா, ப்ரோக்ராம் பிரிண்ட் ஆயிருச்சு" என்கிறாய். நீ கேட்கவே இல்லை, அய்யா. உனக்குப் பயம். நம்மூர்ப் பிள்ளைகளைச் சேர்க்க ஒத்துக்கொண்டதே பெரிசு, அதற்கு மேல் கேட்டால் எல்லாமே போய்விடும் என்று உள்ளுக்குள் நடுங்குகிறாய். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமாகவில்லை. பயத்தில் உன்னைவிட எனக்கு அனுபவம் அதிகம்.

உன் மனசும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆண்டுவிழா ஒன்றின் முடிவைக்கூட நீ பார்த்ததில்லை. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கடைசி பஸ்ஸுக்கு ஓடி வருவாய். வேஷத்தைப் பாதி கலைத்த முகத்தோடு படியில் தொற்றிக்கொண்டு வருவாய். ஒரு வருஷம் ராஜாவாக நடித்தவன், செத்துப்போகிற காட்சிக்கு முன்னாலேயே கிளம்ப வேண்டியிருந்தது என்று வாத்தியாரே கதையை மாற்றி ராஜாவைக் காட்டுக்கு அனுப்பிவிட்டார். அதைச் சொல்லி உங்கப்பா எத்தனை நாள் சிரித்தார்! நீ சிரிக்கவில்லை. நம் பிள்ளைகள் கடைசி வரை நின்று கைதட்டல் வாங்கித்தான் கீழே இறங்க வேண்டும் என்று அதனால்தான் நீ பிடிவாதமாக இருக்கிறாய். வாங்கட்டும். மத்தியானத்திலும் கை தட்டுவார்கள். கைதட்டுகிறவர்களுக்கு வேண்டுமானால் வெயில் அடிக்கும், தொப்பி போட்டுக்கொள்ளட்டும்.

இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளனே எழுந்து அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஜோதி வந்து வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "அத்தை, சரவணன் வரலயாம். அவுங்கம்மா, இருட்டுல அனுப்ப மாட்டேன், மீறிப் போனா நான் சோறு திங்க மாட்டேன்னு படுத்துக்கிருச்சாம்" என்றாள். சரவணனின் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குத் துணிச்சல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் படுத்திருப்பேன். ஜோதி கொட்டகையை எட்டிப் பார்த்தாள். "ஒத்தக் கால்ல ஒரு ஆளு கொறஞ்சாலும் மாடு சாஞ்சிரும் அத்தை. வெரசா ஒரு ஆளப் புடிக்கணும். ஊர்ல மத்தவுங்களுக்கெல்லாம் சாமி சோலி" என்றாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வேண்டுமென்றே அடுப்பை ஊதினேன். ஊதி ஊதி நெருப்பு நன்றாக எரிந்துவிட்டது. அதற்கு மேல் ஊத முடியவில்லை. "என்னத்தப் பாக்குற?" என்றேன். "அத்தை, நீங்க தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? எப்ப எந்தக் காலு எந்திரிக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

உங்கப்பா உள்ளே இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் சிரிக்கவில்லை. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் ஜோதி சொன்னாள். "அவுங்க டென்சன் ஆயிருவாங்க" என்றாள். நான் சொல்லிவிட்டேன், ஏனென்றால் உனக்குத் தெரிய வேண்டும். காலையிலிருந்து கொட்டகைக்குள் அந்த மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து பழகுகிறேன். முன்னால் யார் போகிறார்கள் என்று தெரியவில்லை, கீழே மண்ணும், காட்டுமாட்டின் வெள்ளைக் கால் போல என் கால்களில் சுற்றிய வெள்ளைச் சாக்கும்தான் தெரிகிறது. மூச்சு முட்டுகிறது. பூண்டு வாசனையில் தலை சுற்றுகிறது. உங்கப்பாவைத் தூக்கி எறிந்த மிருகத்தின் உடம்புக்குள் நான் நிற்கிறேன் என்ற நினைப்பு வந்ததும் வெளியே ஓடி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் மாட்டைத் தாங்கியபடியே காத்திருந்தார்கள். திரும்பிப் போய் நின்றுகொண்டேன்.

ஒன்று மட்டும் புரிந்துகொள், தம்பி. என்னால் காலைத் தூக்கி வைக்க முடியும், அவ்வளவுதான். சரவணன் சொல்லும் கதையை என்னால் சொல்ல முடியாது, அது அவனுடையது. அவன் முறை வரும்போது மாட்டின் வயிற்றிலிருந்து யாரும் வெளியே வர மாட்டார்கள். வந்திருக்கும் பெரிய மனிதர்களுக்கு அங்கே ஒரு பையன் பேச வேண்டியிருந்தது என்பதே தெரியாது. மறுபடியும் அவன் போட்டோவுக்கு வெளியே நின்றுவிடுவான். இந்தத் தடவை தள்ளி நில் என்று சொன்னது நம் விழாவாக இருக்கும்.

சரவணனின் அம்மாவிடம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். பகல் என்றால் அனுப்புகிறேன் என்கிறாள். நீ இதைப் படித்து முடித்ததும் நேராக அந்த மேடத்திடம் போ. அச்சடித்தது பேப்பரில்தான், கல்லில் இல்லை. "எங்க புள்ளைக இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போகணுங்க, ரெண்டு மணிக்கு வைங்க" என்று கேள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், கேள். அவர்கள் ஒத்துக்கொண்டால் சரவணன் அவன் இடத்தில் நிற்பான். நான் செருப்போடு உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஆறு மணிதான் என்று சொல்லிவிட்டால், நான் பின்வாங்க மாட்டேன். பின்னங்காலில் நிற்பேன், முடிந்ததும் ஜீப்பில் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மேகத்துக்குள் கண்ணை விரித்துக்கொண்டு வருவேன். அன்றைக்கு மாட்டின் இடது பின்னங்கால் மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும். அருமையான நடிப்பு என்று யாராவது பாராட்டினால், அது எங்கம்மா, பயந்துபோயிருக்கிறாள் என்று சொல்.

உன் அம்மா